இனிமே கேஸ் இல்ல

அக்கா, இந்த சீட்டுக்கு ஆள் வருதா? இல்லையா, அப்ப நான் உக்காந்துக்கிடறேன். வேணாம் வேணாம், ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. இந்த ஓரத்துல இருந்தா கம்பி மறைக்கும். டிரைவர் தலைக்கு மேல கண்ணாடி ஒண்ணு இருக்கு பாருங்க, ஜன்னல் பக்கம் உக்காந்தா அதுல முகம் தெரியும். தெரிஞ்சா என்னவா? ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்.

நீங்க எங்க எறங்கணும்? காரியாபட்டியா? என் தம்பி அந்த ஊருதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல வீடு. நாங்க அருப்புக்கோட்டை.

முன்னாடி நீலச்சட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல, கையை சீட்டு மேல நீட்டி வச்சுக்கிட்டு? அவருதான் எங்க வீட்டுக்காரரு. தங்கப்பாண்டின்னு பேரு. மோட்டார் காயில் கட்டுற பட்டறை வச்சிருக்காரு. எரிஞ்சுபோன மோட்டாரக் கொண்டுபோய்க் குடுத்தா புதுசு மாதிரி ஓட விட்ருவாரு. நல்ல தொழில்காரரு. ஊருல யாரை வேணாலும் கேளுங்க, நல்ல மனுசன்னுதான் சொல்லுவாங்க.

முகம் வாடியிருக்கா? எனக்கா? காலையில எதுவும் சாப்பிடல, அதான். மத்தியானம் ஓட்டல்ல உக்காந்தும் சோறு எறங்கல.

இன்னைக்கு எங்களுக்கு நல்ல நாளுக்கா. ஒத்தக்கடைப் பெரிய கோர்ட்டுக்கு, ஹைகோர்ட்டுக்குத்தான் வந்தோம். கேஸ் முடிஞ்சுபோச்சு. அடியோட முடிஞ்சுபோச்சு. எத்தனை வருசமா இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. இன்னைக்கு நீதிபதி ஐயா ரெண்டு வார்த்தை கேட்டாரு, முடிச்சு வச்சுட்டாரு.

என்ன கேஸுன்னு கேக்குறீங்களா? அடிதடிதான். எனக்கும் அவருக்கும் இல்லக்கா, அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்ல. என் தம்பிக்கும் அவருக்கும். மாமன் மச்சினனுக்குள்ள ஒரு கைகலப்பு. நான் வெறும் சாட்சி.

அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. பக்கத்து வீட்டுல காதுகுத்து. நான் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வந்துருவோம்னு போனேன், அவருகிட்டச் சொல்லாமப் போயிட்டேன். சொல்லியிருக்கணும். திரும்பி வந்தா வாசல்லயே நிக்கிறாரு. லேசா ஒரு தட்டு தட்டினாரு. அவருக்குக் கை கொஞ்சம் கனம், இரும்பும் கம்பியும் பிடிக்கிற கையில்ல. ஒதடு கிழிஞ்சிருச்சு. இதெல்லாம் எல்லா வீட்டுலயும் உள்ளதுதானக்கா? உங்க வீட்டுல இல்லையா? ஓ.

நேரத்தைப் பாருங்க, சரியா அந்நேரம்தான் என் தம்பி நுங்கு வாங்கிட்டு வந்து நிக்கிறான். ஜெயமுருகன்னு பேரு. காரியாபட்டியில பரோட்டா மாஸ்டர். அவன் மாவு வீசுறதப் பாக்கவே ஆளுக நிப்பாங்க. என் முகத்தப் பாத்தான். நுங்கைக் கீழ வச்சான். "என்ன மச்சான் இது?"ன்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். சத்தம் போடல, சட்டையைப் பிடிக்கல. இத்தனை வருசத்துல அந்தக் கேள்விய அவன் கேட்டதே அன்னைக்குத்தான்.

பட்டறைக்குன்னு வாங்கி வச்ச இரும்பு பைப்பு செவுத்துல சாஞ்சிருந்துச்சு. இவரு எடுத்துட்டாரு. தலைக்குத்தான் ஓங்கினாரு. தம்பி ரெண்டு கையையும் மேல தூக்கிட்டான், அதனால தப்பிச்சான். வலது மணிக்கட்டு... வேணாம்க்கா, அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் சில நேரம் கேக்கும். முருங்கைக் கொப்பு ஒடியுற மாதிரி.

திரும்பிப் பாக்குறாரா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, நான் குனிஞ்சிருக்கேன். இல்லையா? சரி.

ஆசுபத்திரியில கையப் பாத்துட்டு அவங்களே போலீசுக்குச் சொல்லிட்டாங்க. போலீசு வந்து தம்பிகிட்ட எழுதி வாங்கிச்சு. இவரைப் பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஜாமீன்ல வந்தாரு. வரும்போதே வக்கீல் சொல்லி அனுப்பியிருக்காரு, "தங்கப்பாண்டி, இனிமே உன்மேல ஒரு சின்னப் புகார் வந்தாலும் ஜாமீனைத் தூக்கிருவாங்க. பக்கத்து வீட்டு நாய உதைச்சேன்னு வந்தாக்கூட உள்ளதான்."

அதுக்கப்புறம் பாக்கணுமேக்கா அவரை! ஆளே மாறிட்டாரு. பட்டறைக்குப் போவாரு, வருவாரு, தட்டு எடுத்து வச்சுத் தானே சோறு போட்டுச் சாப்பிடுவாரு. கொழம்புல உப்பு கூடிருச்சுன்னா மோரை ஊத்திக்கிட்டுப் பேசாம எந்திரிச்சுப் போவாரு. ஒருநா நான் ஏதோ எதுத்துப் பேசிட்டேன். கை மேல போயிருச்சு. போன கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. ரெண்டு பேரும் அந்தக் கையவே பாத்துக்கிட்டு நிக்கிறோம். அப்புறம் மெல்ல அதைக் கொண்டுபோய்த் தலையச் சொறிஞ்சுக்கிட்டாரு. அவரு வெளிய போனதுக்கப்புறம் நானும் என் மக யோகாவும் சிரிச்ச சிரிப்பு இருக்கே! வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

அந்தக் காலத்துலதான் நான் கொஞ்சம் சதை போட்டேன். ஜாக்கெட்டெல்லாம் பிரிச்சுத் தைச்சேன். டிவியில பாட்டு வச்சா கூடவே பாடுவேன். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, ஒண்ணு விடமாட்டேன். கேஸு நடக்குற வீடுன்னு ஊருல துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாங்க. நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு "என்ன செய்ய, எங்க தலையெழுத்து"ன்னு சொல்லிட்டுப் பூ வாங்கப் போயிருவேன்.

இப்படியே போயிருந்தா... என்னமோ சொல்ல வந்தேன், மறந்துபோச்சு.

ஆங், சம்மன். ஒரு பொம்பளைப் போலீசு வந்து குடுத்துட்டுப் போச்சு. கேஸு விசாரணைக்கு வந்துருச்சு, நீதான் நேர்ல பாத்த சாட்சி, வந்து கூண்டுல நின்னு சொல்லுன்னு. உள்ளதச் சொன்னா புருசன் ஜெயிலுக்குப் போவாரு. இல்லாததச் சொன்னா தம்பி முகத்துல எப்படி முழிக்கிறது? அவன் கையப் பாத்துக்கிட்டே "நான் ஒண்ணும் பாக்கல"ன்னு எப்படிச் சொல்றது?

அவரு என்னைய அடிக்கல. அதைச் சொல்லணும்ல, ஒரு தட்டுக்கூடத் தட்டல. தெனமும் காப்பி குடிக்கையில கேப்பாரு, மெதுவா, தன்மையா: "நீ என்ன சொல்லப் போற?" டம்ளரை வச்சுட்டுப் போயிருவாரு. மறுநா திரும்ப, "நீ என்ன சொல்லப் போற ஈஸ்வரி?" என் முழுப்பேரு சங்கரேஸ்வரி. அவரு பேரு சொல்லிக் கூப்பிட்டதே அப்பத்தான். எனக்குச் சோறு எறங்கல, துணி தொவைக்கும்போது சோப்பு நழுவி விழுந்தாக்கூட தூக்கிப் போட்டுச்சு. மாமியா வேற, "தாலிய நெனச்சுக்க, தாலிய நெனச்சுக்க"ன்னு ஒரே பாட்டு.

அப்புறந்தான் வக்கீல் ஒரு வழி சொன்னாரு. ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டோம்னு பெரிய கோர்ட்டுல மனுப் போட்டா, கேஸையே ரத்துப் பண்ணிருவாங்களாம். விசாரணை கெடையாது, கூண்டு கெடையாது, சாட்சி கெடையாது. அதக் கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. நான்தான்க்கா முன்னால நின்னேன். அவரு என்னையப் போகச் சொல்லக்கூட இல்ல. நானே பஸ்ஸேறி தம்பி வீட்டுக்குப் போனேன்.

தம்பி இப்போ பரோட்டா போடுறதில்ல. விரல் மடங்காது. அதே கடையில பார்சல் கட்டிக் குடுக்குறான், அதுவும் இடது கையாலதான். நான் போய் அழுதேன். கால்ல விழுகப் போனேன், பிடிச்சுக்கிட்டான். "அக்கா, நீ கேட்டா நான் எதுக்கு மாட்டேன்னு சொல்லப் போறேன்? ஆனா நீ நல்லா யோசிச்சுத்தான் கேக்குறியா?"ன்னான்.

அவன் பொண்டாட்டி தனலட்சுமிதான் ஆடிட்டா. அடுப்படியில இருந்து கரண்டியோட வெளிய வந்துட்டா. "மதினி, உங்க தம்பி ஒரு கையக் குடுத்துல்ல உங்களுக்கு வேலி போட்டு வச்சிருக்காரு. அந்த வேலியப் பிடுங்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" அப்படீங்கிறா. வேலியாம், வேலி! என்ன பேச்சு பாருங்க. புருசன் கை போன ஆத்தாமையில பேசுறான்னு நான் ஒண்ணும் சொல்லல. வந்துட்டேன். ஆனா பஸ்ஸுல வரும்போது அந்தச் சொல்லு மட்டும் கூடவே வந்துக்கிட்டு... சரி, விடுங்க.

இன்னைக்குக் காலையில எல்லாரும் வந்துட்டோம். ஆத்தாடி, எம்மாம் பெரிய கட்டடம்! எங்க பாத்தாலும் கருப்புக் கோட்டு. எங்க ஊரு எஸ்.ஐ.யும் வந்திருந்தாரு, இன்னார்தான் இவங்கன்னு அடையாளம் சொல்ல. ஆதார் கார்டைக் காட்டினோம். தம்பியும் அவரும் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க. நான் கடைசியில, செவுத்தோரமா.

நான் என்ன நெனச்சேன்னா, என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு. என்னால வந்த சண்டையாச்சே. அதுக்காக வீட்டுல இருந்தே ஒரு பதிலை மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். "ஐயா, எனக்குப் பரிபூரண சம்மதம், நாங்க சந்தோசமா இருக்கோம்." பரிபூரண சம்மதம்ங்கிறது வக்கீல் சொல்லிக் குடுத்தது. வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கிட்டு வந்தேன்.

நீதிபதி ஐயா தம்பியப் பாத்தாரு. "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? மிரட்டினாங்களா? பயப்படாமச் சொல்லுங்க"ன்னாரு. தம்பி திரும்பி என்னையப் பாத்தான். அம்புட்டுப் பெரிய கோர்ட்டுல, அத்தனை பேரு நிக்கிற எடத்துல, திரும்பி என்னையப் பாத்தான்க்கா. சின்னப் பிள்ளையில மரத்து மேல ஏறிட்டுக் குதிக்கவான்னு கேக்குற மாதிரி. நான் தலைய ஆட்டினேன். "இல்லைங்கய்யா. குடும்பத்துக்குள்ள நடந்தது. சமாதானமாப் போயிட்டோம்"னுட்டான்.

"கை இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு ஐயா. "பரவாயில்லைங்கய்யா." அப்புறம் இவரைப் பாத்து, "இனிமே இந்த மாதிரி எதுவும் நடக்காதே?"ன்னாரு. இவரு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டாரு. "நடக்காதுங்கய்யா, சத்தியமா நடக்காது." கும்பிட்ட கையில நடுக்கமே இல்ல. நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

முடிஞ்சுபோச்சு. அடுத்த கேஸைக் கூப்பிட்டுட்டாங்க. நான் வாயில வச்சிருந்த பதிலு வாயிலயே இருக்கு. கேட்டிருந்தா கட்டாயம் அதைத்தான் சொல்லியிருப்பேன். வேற என்ன சொல்லப் போறேன்? கேக்கலையேன்னு ஒரு இது. அவ்வளவுதான்.

வெளிய வந்ததும் வக்கீல்கிட்ட, "இனிமே என்ன சார் ஆகும்?"னு கேட்டேன். சிரிச்சாரு. "ஒண்ணும் ஆகாதும்மா. கேஸே இல்ல. இந்த அடிதடி நடக்கவே இல்லேங்கிற மாதிரிதான் இனிமே." "அப்ப அந்த ஜாமீனு, ரத்தாயிரும்னு சொன்னது, அதெல்லாம்?" "அதெல்லாம் எதுவும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் இப்ப சுதந்திரப் பறவை!" இவரும் சிரிச்சாரு. தம்பி சிரிக்கல. நான் சிரிச்சேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல.

மாட்டுத்தாவணி பக்கம் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. தம்பி தோள்ல கையப் போட்டுக்கிட்டு, "மாப்ள, நல்லாச் சாப்பிடு மாப்ள"ன்னாரு. எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. தம்பி ஸ்பூன் கேட்டு வாங்கி இடது கையால சாப்பிட்டான். சாம்பார் சிந்துச்சு. நான் அவன் இலையைக் கொஞ்சம் இழுத்து வச்சு, அப்பளத்த நொறுக்கிப் போட்டேன். அப்ப எதுத்தாப்புல இருந்து ஒரு சத்தம்.

"ஏய்."

அம்புட்டுத்தான். சத்தமாக்கூட இல்ல. பக்கத்து மேசைக்காரங்களுக்குக் கேட்டிருக்காது. "ஏய், உன் எலையப் பாரு."

எத்தனை வருசமாச்சு அந்த "ஏய்"யக் கேட்டு! செத்துப்போச்சுன்னு நெனச்சேன்க்கா. அதே "ஏய்". அதுக்கு அடுத்து என்ன வரும்னு என் முதுகுக்குத் தெரியும். எனக்கு முந்தி என் முதுகு நிமிந்துக்கிச்சு. தம்பி ஸ்பூனைக் கீழ வச்சுட்டான். அவன் கேட்டுட்டான். அதுக்கப்புறம் ஒரு வாய்கூடச் சாப்பிடல.

பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு, "மச்சான், அக்காவை ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனே"ன்னு கேட்டான். இவரு சிரிச்சுக்கிட்டே, "பெறகு வருவா மாப்ள. எனக்கும் இவளுக்கும் பேச வேண்டியது நெறையச் சேந்து கெடக்குல்ல. ஒண்ணொண்ணாப் பேசி முடிக்கணும்"னாரு. தம்பி எங்களுக்கு முந்தின பஸ்ஸுல ஏறிட்டான். ஏறி, படியிலயே நின்னு பாத்துக்கிட்டே போனான். பாசக்காரப் பய.

மகளுக்கு நான்தான் போன் போட்டேன். யோகா கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்கிறா, ஆஸ்டல்ல. "கேஸ் முடிஞ்சுருச்சு யோகா, அப்பா மேல இனி ஒண்ணும் இல்ல"ன்னேன். அதுக்கு அவ சொல்றா: "அம்மா, நான் தீவாளிக்கு வரலம்மா." படிப்பு கெடக்குல்லக்கா, பரீட்சை வரும். அதான் வரலைங்கிறா. கடைசியில ஒண்ணு சொன்னா, "ஏம்மா இப்படிப் பண்ண?"ன்னு. எதைச் சொல்றான்னு எனக்குப் புரியல. வெச்சுட்டா.

அக்கா, எந்திரிச்சுட்டாரு. இங்கதான் வாராரு. நீங்க எதுவும் கேக்காதீங்க. வெளிய பாத்துக்கிட்டு இருங்க.

...ஒண்ணும் இல்லைங்க, சும்மா பேசிக்கிட்டு வந்தோம். அக்கா காரியாபட்டி. பிள்ளைகளப் பத்தித்தான். சரிங்க. சரிங்க. வீட்டுக்குப் போயி. சரிங்க.

போயிட்டாரா? உக்காந்துட்டாரா? பாத்தீங்களா, எம்புட்டுத் தன்மையாப் பேசுறாரு! "வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் ஈஸ்வரி, என்ன?" அப்படின்னு. பேரு சொல்லிக் கூப்பிடுறாரு. உங்களப் பாத்துச் சிரிக்கக்கூடச் செஞ்சாரு. பயமா? எனக்கென்ன பயம். கட்டின புருசன்கிட்ட என்ன பயம்? பஸ்ஸு குலுங்குது, அதான் பல்லு அடிச்சுக்கிடுது.

யாருக்கோ போன் போடுறாரு. கேக்குதா? "கேஸ் ஒடஞ்சிருச்சுடா! இனி எவன் என்ன கேக்கப் போறான்?" சந்தோசமா இருக்காரு பாவம். எவன் என்ன கேக்கப் போறான். வாஸ்தவந்தான. எவன் கேக்கப் போறான். கேக்குறதுக்கு இருந்தது ஒருத்தன். அவனையும் நான்தான்...

இது எந்த ஊரு? காரியாபட்டி வந்துருச்சா? அதுக்குள்ளயா? நீங்க எறங்கணும்ல. பையை எடுத்துக்கோங்க. நான் காலை மடக்கிக்கிடறேன், போங்க. போங்கக்கா.

அக்கா, இருங்க. பின்னாடிப் படி வழியா எறங்கலாம்ல? அவரு இன்னும் போன்தான் பேசுறாரு, அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுச் சிரிக்கிறாரு. எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது. எறங்கி ஒரு சோடா குடிச்சா சரியாப்போயிரும். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிருவேன், பின்னாடியே. கண்டக்டர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க எனக்கு முன்னாடி நடங்க, கொஞ்சம் மறைச்சாப்புல. என் கையை விட்ராதீங்க.

எறங்கிட்டோம். ஆமா, எறங்கிட்டேன்.

திரும்பாதீங்க. பஸ்ஸு கெளம்பட்டும். விசில் குடுத்துட்டாங்களா? நகருதா? அவரு தலை தெரியுதா? இந்தப் பக்கம் பாக்கலையே?

போயிருச்சு. அந்தா, வளைவுல திரும்பிருச்சு.

சோடாவா? வேணாம்க்கா, தண்ணிகூட எறங்காது. தம்பி வீடு இந்தச் சந்துக்குள்ளதான், வழி தெரியும். தனலட்சுமி கதவைத் தெறக்கும்போது என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அய்யோ, போன் அடிக்குது. அவருதான். சீட்டைத் திரும்பிப் பாத்துட்டாரு போல. எடுக்கவா? எடுக்க வேணாமா? அடிக்கட்டுமா, அப்படியே அடிக்கட்டுமா?

அக்கா, உங்க வீடு எந்தப் பக்கம்? அந்தச் சந்து வரைக்கும் என்கூட வாறீங்களா? பயமெல்லாம் இல்ல, சும்மா ஒரு தொணைக்கு. கொஞ்சம் வேகமா நடப்போமா?